மாமாவின் நாற்பத்தாறு

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரை, லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற மூன்று வருடப் பட்டப்படிப்பும் ஒரு வாரக் களேபரமும் தேவைப்பட்டன.

என் தாய்மாமா இருபத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். ஃபோன் வரும். ஏழாவது மாடியில் நின்றுவிட்டது என்பார்கள். மாமா பதினொரு கிலோ கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறத் தொடங்குவார். லிஃப்ட் எந்த மாடியில் நின்றிருந்தாலும் சரி, அதன் மோட்டார் இருப்பது கட்டடத்தின் உச்சந்தலையில், மொட்டைமாடிக்கும் மேலே ஒரு தகரக்கதவு அறையில். முதலில் அங்கே போகவேண்டும். அப்புறம் கீழே இறங்கி, லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழியைப் பார்க்கவேண்டும். மறுபடி மேலே. லிஃப்ட் உயிர்பெற்று அழகாக ஓட ஆரம்பித்ததும் அடுத்த கட்டடத்திலிருந்து ஃபோன் வரும்; மாமா போய்விடுவார். "ஓடுற லிஃப்ட்ல எனக்கென்ன வேலை?" என்பார்.

நகரத்துப் படிக்கட்டுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். "அந்த பேங்க் கட்டடம் நூத்தி அறுபத்தெட்டு படி மாப்ளே. மூணாவது மாடித் திருப்பத்துல ஒரு படி மட்டும் அரை இன்ச் உசரம் ஜாஸ்தி. கொத்தனார் அன்னைக்கு வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான்" என்பார். வயது ஐம்பத்து மூன்று. ஆள் ஒல்லி. கெண்டைக்கால் மட்டும் வேறு யாரிடமிருந்தோ இரவல் வாங்கி மாட்டியது போல இருக்கும். போதாக்குறைக்கு வீடும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி.

அந்த வீட்டில்தான் நான் தங்கிப் படித்தேன். விலங்கியலில் பி.எஸ்ஸி. எங்கள் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்வதாக இல்லை. கிராமத்தில் அம்மா இன்றும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'எங்க பட்டதாரி' என்றுதான். மாமா அதற்கு ஒரு படி மேல். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் பழுதைப் பார்ப்பதற்கு முன் வாட்ச்மேனிடம் என் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுவார். இப்போது நான் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆனால் வீட்டில் நான்தான் டாக்டர், வக்கீல், வானிலை ஆய்வாளர். யாருக்குத் தும்மல் வந்தாலும் 'பட்டதாரியைக் கேளு' என்பதுதான் வழக்கம். நானும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி வந்தேன். அங்கேதான் வினை.

ஒரு திங்கட்கிழமை மாமாவின் கம்பெனியில் புதிய விதி வந்தது. லிஃப்ட் குழிக்குள்ளும் மோட்டார் அறைக்குள்ளும் போகிற எல்லோருக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு நர்ஸ் வந்து வரிசையாக நிற்கவைத்து எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடி எல்லாம் பார்த்தார். படிவத்தில் நாடித்துடிப்புக்கு நேரே 'நிமிடத்துக்கு 60 முதல் 100' என்று அச்சிட்டிருந்தது. மாமாவுக்கு நேரே நர்ஸ் 46 என்று எழுதினார். திரும்ப எண்ணினார். மறுபடியும் 46. சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

மேனேஜர் வட்டத்தைப் பார்த்தார்; மாமாவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவைப் பார்த்து கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஃபோன் சீட்டுல உக்காருங்க. வந்தா அட்டை. இல்லேன்னா இனிமே உங்களுக்கு ஃபோன் சீட்டுதான். புகார் வந்தா எழுதிக்கோங்க. ஏசி ரூம், உக்காந்த இடத்துல வேலை. ராஜா மாதிரி!"

மாமா அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாப்ளே, என்னை உக்காரச் சொல்லிட்டாங்கடா" என்றார். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதுக்கென்ன, நானும் இருபது வருஷமா அதைத்தானே சொல்றேன், ஒரு இடத்துல உக்காருங்கன்னு" என்றார். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

மேற்கொண்டு என்ன நடக்கும்? பட்டதாரியைக் கேட்டார்கள்.

நான் பரணிலிருந்து என் கல்லூரி நோட்டை எடுத்துத் தூசி தட்டினேன். இரண்டாம் ஆண்டு, உடலியங்கியல். 'வயதும் ஓய்வுநிலை இதயத்துடிப்பும்' என்று தலைப்பிட்டு, பச்சை மையில் அடிக்கோடு போட்டு, என் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன். பிறந்து ஒரு மாதம் வரை எழுபது முதல் நூற்றுத் தொண்ணூறு. ஒரு வயது வரை எண்பது முதல் நூற்றறுபது. நாலு வயது வரை எண்பது முதல் நூற்று முப்பது. ஒன்பது வயது வரை எழுபது முதல் நூற்றுப் பதினைந்து. பத்து வயதுக்கு மேல், கிழவர் வரைக்கும், அறுபது முதல் நூறு. முற்றும்.

"நாப்பத்தாறு எங்கடா இருக்கு?" என்றார் அத்தை.

"எங்கேயும் இல்லை அத்தை."

"எங்கேயுமே இல்லையா? அப்ப இவரு எந்தக் கணக்குல உயிரோட இருக்காரு?"

"அறிவியல்படி..." என்று ஆரம்பித்தேன். அறிவியல்படி என்ன என்று எனக்கே தெரியவில்லை. அதனால் நோட்டை மூடி, "கவலைக்கிடம்" என்று முடித்துவிட்டேன். பட்டம் வாங்கியவன் வாயில் அந்தச் சொல் எவ்வளவு கனமாக விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அத்தையின் கையிலிருந்த கரண்டியும் கூடவே விழுந்தது.

இந்தச் சமயத்தில் வாண்டு உள்ளே புகுந்தாள். மாமாவின் ஒரே மகள், ஒன்பது வயது, பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்வாள். "அத்தான், நாடி எங்க பாக்கணும்?" என்று கேட்டாள். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம், இரண்டு விரலை வைத்து, ஒரு நிமிடம் எண்ணவேண்டும் என்று காட்டினேன். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் யாருடைய கையும் அவரவருக்குச் சொந்தமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கணக்கெடுப்பு நடந்தது. வாண்டுக்குத் தொண்ணூற்றிரண்டு. எனக்கு எழுபத்தெட்டு. அத்தைக்கு எண்பத்தாறு. "சும்மா உக்காந்து எண்ணணும், இப்ப நீ பேசிட்டே இருக்க" என்று வாண்டு அம்மாவை அதட்டினாள். ஓய்வுநிலை என்றால் ஐந்து நிமிடம் வாயை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். அந்த வீட்டின் வரலாற்றில் முதல் முறையாக ஐந்து நிமிட மௌனம் முயற்சி செய்யப்பட்டது. முதல் நிமிடத்திலேயே அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரைப் பார்த்து எனக்கு. என்னைப் பார்த்து வாண்டுக்கு. மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தோம், முதுகு குலுங்கியது. ஒருவழியாக அடங்கி அத்தைக்கு எழுபத்துநாலு என்று தேறியபோது மாமா நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். வாண்டு அவர் கையைப் பிடித்து எண்ணிவிட்டு என் காதில், "நாப்பத்தி மூணு அத்தான். இன்னும் இறங்கிட்டாரு" என்றாள், லிஃப்டைப் பற்றிச் சொல்வது போல.

அதற்குள் எதிர்வீட்டுத் தையற்கார அக்கா, நாலு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்ன இந்த வீட்டில் சத்தமே இல்லை என்று பயந்து ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும், "எம் புள்ளைக்கும் பாரு கண்ணு" என்று குழந்தையின் கையை நீட்டினார். வாண்டு மூச்சைப் பிடித்து எண்ணினாள். முடித்ததும் கண் பிதுங்கியது.

"நூத்தி முப்பத்தெட்டு!"

"ஐயையோ!" என்றார் அக்கா. "தையல் மிஷினை மிதிச்சுவிட்ட மாதிரி ஓடுதே! யாராச்சும் புடிச்சு நிறுத்துங்களேன்!"

நான் நோட்டை விரித்து, ஒரு வயது வரை நூற்றறுபது வரைக்கும் இருக்கலாம், சின்ன இதயம், ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் ரத்தம் தள்ளும், அதனால் அடிக்கடி தள்ளுகிறது என்று விளக்கிய பிறகுதான் அவர் உட்கார்ந்தார். குழந்தை எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. அத்தை மாமாவையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவரோட நாப்பத்தாறையும் இவனோட நூத்தி முப்பத்தெட்டையும் கூட்டி ஆளுக்குப் பாதியாப் பிரிச்சா எவ்வளவு?" என்றார்.

"தொண்ணூத்தி ரெண்டு!" என்றாள் வாண்டு, இமைக்கும் நேரத்தில்.

"பாத்தியா, ரெண்டு பேரும் பாஸ்" என்றார் அத்தை. அப்படிப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லையே என்பதுதான் அவருடைய வருத்தம்.

புதன்கிழமை முதல் ஒரே நோக்கம்: வெள்ளிக்கிழமைக்குள் மாமாவின் துடிப்பை அறுபதுக்கு மேலே ஏற்றவேண்டும்.

கடுங்காப்பி இரண்டு டம்ளர் கொடுத்துப் பார்த்தோம். ஐம்பது. எங்கள் கட்டடத்தின் மூன்று மாடியையும் நாலு தடவை ஏறி இறங்கி ஓடச் சொன்னோம். அவர் சந்தோஷமாக ஓடினார். இரண்டு நாளாக உட்கார்ந்தே இருந்ததில் கால் நமநமத்துக் கிடந்ததாம். ஓடி வந்து நின்றபோது எண்பது. ஆஹா என்று நான் கைதட்டி முடிப்பதற்குள் அறுபது. அத்தை துண்டு எடுத்து வருவதற்குள் ஐம்பத்திரண்டு. டாக்டரின் வாசலில் மனிதர் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதுவரை எங்கே தாங்கும்?

"கோபம் வந்தா ஏறும்னு சொன்னியே, நான் ஏத்துறேன் பாரு" என்று அத்தை களத்தில் இறங்கினார். கல்யாணத்தன்று தாமதமாக வந்ததிலிருந்து, போன மாதம் வாங்கி வந்த ஓட்டை வாளி வரைக்கும் ஒன்று விடாமல் திட்டினார். நானே பயந்துபோனேன். வாண்டு அப்பாவின் கையைப் பிடித்தபடி அசையாமல் எண்ணினாள்.

"நாப்பத்தஞ்சு."

"என்னடி இது! ஒண்ணு குறைஞ்சிருக்கு?"

மாமா கண்ணைத் திறந்து, "நிறுத்திட்டியா? நல்லா இருந்துச்சே" என்றார்.

இரண்டு நாளில் மாமா எப்படி ஆகிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். ஃபோன் சீட்டில் உட்கார்ந்து அவர் படுத்திய பாடு கம்பெனி முழுவதும் பிரசித்தம். யாராவது லிஃப்ட் நின்றுவிட்டது என்றால், எழுதிக்கொள்வதோடு விட்டுவிட வேண்டியதுதானே? "சத்தம் எப்படி வருது? கட்கட்டுன்னா, கர்ருன்னா? ஃபோனைக் கதவுல ஒட்டி வைங்க. ம்ம்... இப்ப கீழ் மாடிக்குப் போய் அங்க வைங்க. ஓடுங்க சார், ஓடுங்க!" என்று புகார் சொன்னவர்களை எல்லாம் மாடி மாடியாக ஏறவைத்துவிட்டார். பாதிப் பேர் மூச்சு வாங்கியபடி மேனேஜரிடம் இன்னொரு புகார் சொன்னார்கள். நகரத்தின் தெற்குப் பக்கம் முழுக்க மாமா பார்க்கிற கட்டடங்கள். அவர் உட்கார்ந்துவிட்டதால் அந்தப் பக்கத்துப் புகார்கள் நோட்டில் எழுதியபடியே கிடந்தன. வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுத் தட்டின் முன் அந்தச் சத்தங்களை எல்லாம் வாயால் செய்து காட்டுவார். "ஒண்ணு வந்துச்சு மாப்ளே, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மட்டும் பல்லை நறநறன்னு கடிக்குதாம். கதவு உருளை தேஞ்சிருக்கு. பத்து நிமிஷ வேலை. யாரு போவா?" பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவார்.

அட்டை திரும்பி வராவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

விடை வியாழக்கிழமை தற்செயலாகக் கிடைத்தது. வாண்டுக்குப் புத்தகம் எடுக்க நாலு பேரும் ஆறு மாடி நூலகத்துக்குப் போனோம். மாமா வழக்கம்போல் படியை நோக்கி நடந்தார். முழங்கால் வலி என்று அத்தை லிஃப்ட் முன் நின்றுகொண்டார். "எல்லாரும் இதுலதான் வர்றீங்க. நானும் ஒரு நாள் புருஷனோட லிஃப்ட்ல போறேன்" என்றார். மறுக்க முடியாமல் மாமா ஏறினார். கதவு மூடியது. வாண்டு கடமை தவறாமல் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

லிஃப்ட் கிளம்பியதும் மாமாவின் காது விறைத்தது. கண் கூரைக்குப் போனது. "கயிறு ஒரு பக்கம் இழுக்குது... கேக்குதா? இந்தா, இப்ப... இப்ப!" எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் நெற்றி மட்டும் வியர்த்தது.

"பதினஞ்சு விநாடியில இருபத்தி நாலு!" வாண்டு அலறினாள். "நாலால பெருக்கு! தொண்ணூத்தி ஆறு! தொண்ணூத்தி ஆறு அத்தான்!"

ஆறாவது மாடியில் கதவு திறந்தபோது நூலகத்தில் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் எங்கள் குடும்பம் கட்டிப்பிடித்துக் குதிப்பதைப் பார்த்தார்கள். இருபத்தொன்பது வருடமாக லிஃப்டைப் பழுது பார்த்த மனிதருக்கு லிஃப்டில் போவதென்றால் பயம்! பயம் என்றுகூடச் சொல்லமுடியாது. தாய் கூட்டத்தில் தன் குழந்தை அழுவதைக் கேட்பது போல அவருக்கு எல்லாச் சத்தமும் கேட்கிறது. எனக்கு அதெல்லாம் அப்போது முக்கியமாகப் படவில்லை. தொண்ணூற்றாறு, அறுபதுக்கு மேல், நூற்றுக்குக் கீழ். நார்மல்!

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டேன். வாண்டு பள்ளிக்கூடத்துக்கு மட்டம். அத்தையை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். டாக்டரம்மாவின் மருத்துவமனை ஒரு ஐந்து மாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். "லிஃப்ட்ல ஏத்துறோம், நேரா உள்ள தள்ளுறோம், கையெழுத்து வாங்குறோம்" என்று நான் தளபதி போலத் திட்டம் சொன்னேன். நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் ஒரு பட்டதாரி வெறுங்கையோடு போகலாமா?

லிஃப்டில் ஏறினோம். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நறநற என்றது. இது எனக்கே கேட்டது.

மாமா என் தோளைப் பிடித்தார். "மாப்ளே, இது நான் எழுதின புகார்! செவ்வாக்கிழமை! இன்னும் யாரும் வரலியா!"

"நூத்தி ரெண்டு வரும் போல இருக்கே" என்றாள் வாண்டு கவலையாக. "அப்பா, கொஞ்சம் கம்மியா பயப்படு. நூறைத் தாண்டிராத."

ஐந்தாவது மாடியில் இறங்கியதும் மாமா லிஃப்ட் வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். "யாரும் ஏறாதீங்க. நடுவுல நின்னுரும்." அங்கிருந்த காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க யாரு? கார்டு இருக்கா?" மாமாவின் கை தானாகக் கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்தது. பதினைந்து வருடமாக அந்தக் கட்டடத்துக்குப் போய் வருகிறவர்; காவலாளிதான் புதுசு. நான் மாமாவின் காதில், "கையெழுத்து வாங்கினா அட்டை, அட்டை வந்தா லிஃப்ட். வாங்க உள்ள" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

காத்திருந்த இருபது நிமிடமும் சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்கியது. ஒவ்வொரு நறநறவுக்கும் மாமா நாற்காலியில் ஓர் அங்குலம் எழும்பினார். எங்கள் திட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நர்ஸ் நாடி பார்த்தபோது எண்பத்தெட்டு. பழைய படிவத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், புதிய படிவத்தில் 88 என்று நீல மையில் எழுதினார். நானும் வாண்டும் மேசைக்குக் கீழே கைகுலுக்கிக்கொண்டோம்.

டாக்டரம்மா குண்டு, கண்ணாடி, எதற்கும் சிரிப்பதற்குத் தயாரான முகம். "எண்பத்தெட்டு. ரத்த அழுத்தம் நல்லா இருக்கு. அன்னைக்கு ஏதோ தப்பா எண்ணியிருப்பாங்க" என்றபடி பேனா மூடியைத் திறந்தார். பேனா தாளில் பட்டது. வெளியே லிஃப்ட் மணி அடித்தது. திறந்த கதவு வழியாக, சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரை லிஃப்ட் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது.

மாமா எழுந்துவிட்டார்.

"வேண்டாம்மா! அவரை ஏத்தாதீங்க! அந்த லிஃப்டை நிறுத்தச் சொல்லுங்க!"

"மாமா, உக்காருங்க, ஒரே ஒரு கையெழுத்து..."

"சும்மா இருடா. அம்மா, எனக்கு எண்பத்தெட்டு எல்லாம் கிடையாது. அன்னைக்கு எண்ணுனதுதான் சரி, நாப்பத்தாறு. இது உங்க லிஃப்ட் சத்தத்துல வந்தது. இவங்க என்னை வேணும்னே அதுல ஏத்திக் கூட்டிட்டு வந்தாங்க. நீங்க கையெழுத்து போடலேன்னா பரவாயில்ல. அதை மொதல்ல நிறுத்துங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வாண்டு என் நோட்டைப் பார்த்தாள். டாக்டரம்மா எழுந்து வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்தார். லிஃப்ட் நின்றது, சக்கர நாற்காலி திரும்பியது. காவலாளி 'ஓடாது' என்ற பலகையை மாட்டினார்.

"இப்ப நீங்க படுங்க" என்றார் டாக்டரம்மா மாமாவிடம். நெஞ்சிலும் கையிலும் காலிலும் கம்பிகளை ஒட்டினார்கள். சின்னத் திரையில் கோடு துள்ளியது, ஓரத்தில் எண். வாண்டு அந்த எண்ணை வாசிக்கத் தொடங்கினாள். "எண்பத்தொண்ணு... எழுபது... அறுபத்திரெண்டு... ஐயோ இறங்குதே... அம்பத்தஞ்சு... அப்பா, நில்லு!... நாப்பத்தேழு." அங்கே நின்றது. லிஃப்ட் நின்ற நிம்மதியில் மாமாவுக்குக் கண் செருகியது. நான் தலையில் கைவைத்தேன்.

"மயக்கம் வருமா? தலைசுத்தல்? நெஞ்சுவலி, மூச்சு வாங்குறது?"

"மூச்சு வாங்குறதா? புகார் குடுக்கிறவங்களுக்குத்தான் வாங்கும்" என்றார் மாமா. "மயக்கம்... இவன் ரிசல்ட் வந்த அன்னைக்கு சந்தோஷத்துல லேசா வந்துச்சு."

"ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறுவீங்க?"

"எம்பது, தொண்ணூறு. ஞாயித்துக்கிழமை மூணே மூணுதான், வீட்டுக்கு."

டாக்டரம்மா இதயக் கோட்டுத் தாளை விரல் வைத்து அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த நோட்டைக் காட்டி, "அது என்ன?" என்றார். கொடுத்தேன். வாசித்தார். புரட்டினார். மறுபடி முந்தைய பக்கத்துக்கு வந்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு. ஆறாவது வரி எங்கப்பா?"

"ஆறாவதா?"

"உடம்பு உழைப்பும் பயிற்சியும் அதிகமா இருக்கிறவங்களுக்கு நாப்பது முதல் அறுபது. எல்லாப் புத்தகத்திலயும் கடைசியா இருக்குமே. ஏன் எழுதல?"

அந்தக் கணத்தில் எனக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் கல்லூரி நண்பனிடம் நான் சொன்னது அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. மறைப்பதில் பயனில்லை.

"அது... அஞ்சு மார்க் கேள்வி டாக்டர். அஞ்சு வரி போதும்னு..."

"அஞ்சு மார்க்கும் கிடைச்சுதா?"

"முழுசா."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். கம்பிகளோடு படுத்திருந்த மாமா சிரித்ததில் திரையில் கோடு மலையும் மடுவுமாகக் குதித்தது. வாண்டுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அத்தான், நீ எழுதாம விட்ட வரியிலதான் எங்கப்பா இருந்தாரா?" என்று கேட்டாள். நான் வாங்கிய மதிப்பெண்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருந்தது.

"படியேறி ஏறி இவரோட இதயம் நல்லா பலப்பட்டிருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒரே தடவையில நிறையத் தள்ளிடுது. அதனால அடிக்கடி அடிக்கவேண்டிய அவசியம் இல்ல. நாப்பத்தாறு இருக்கிற எல்லாருக்கும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. மயக்கமோ தலைசுத்தலோ இருந்தா அது வேற கதை, உடனே வரணும். இவருக்குத் தாள் சுத்தமா இருக்கு." நீல மையில் எழுதிய 88ஐ அடித்துவிட்டு 47 என்று எழுதினார். பக்கத்தில் 'தகுதி உண்டு' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். பிறகு மேனேஜருக்கு ஃபோன் போட்டு, "உங்க மெக்கானிக் இங்கதான் இருக்கார். என் லிஃப்டைப் பார்த்துட்டுதான் வருவார்" என்றார்.

அடையாள அட்டைக்குப் பதிலாக மாமா அந்தச் சான்றிதழைக் காவலாளியிடம் நீட்டினார். அவர் முத்திரையைப் பார்த்து வணக்கமே வைத்துவிட்டார். நான் கீழ்த்தளத்து உதிரிபாகக் கடையில் கதவு உருளை வாங்கி வர ஓடினேன். ஐந்து மாடி இறங்கி, ஐந்து மாடி ஏறி. மாமா காவலாளி எடுத்துத் தந்த கருவிகளோடு மொட்டைமாடி ஏணியில் ஏறியதைப் பார்த்தால் ஐந்து நாள் உண்ணாதவர் பந்திக்குப் போவது போல இருந்தது. பத்து நிமிட வேலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கேட்டால், "எல்லாத்தையும் பாத்துட்டேன் மாப்ளே, கேட்டதையும் கேக்காததையும்" என்றார்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அந்த வழியாக வந்த டாக்டரம்மா குனிந்து, வயதைக் கேட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "நூத்திப் பதினாலு. இருபத்தி மூணு வயசு. படியேறு தம்பி, படியேறு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மேசையிலிருந்து கடன் வாங்கிய பச்சைப் பேனாவால், நோட்டின் ஐந்தாவது வரிக்குக் கீழே ஆறாவது வரியை எழுதினேன். எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு (மாமா) என்றும் எழுதினேன்.

சோதனை ஓட்டம். மாமாவும் வாண்டும் மட்டும் உள்ளே. அவள் கை அவர் மணிக்கட்டில். கதவு மூடியது. லிஃப்ட் இறங்கியது, ஏறியது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நாங்கள் எல்லோரும், காவலாளி உட்பட, காதைச் சுவரில் ஒட்டிக்கொண்டோம். ஒன்றுமே கேட்கவில்லை.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. மாமா சுவரில் சாய்ந்து, வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் போல ஆனந்தமாக நின்றுகொண்டிருந்தார். வாண்டு இரண்டு விரலையும் உயர்த்திக்கொண்டு வெளியே குதித்தாள்.

"பதினஞ்சு விநாடிக்குப் பன்னெண்டு! நாலால பெருக்கு! நாப்பத்தெட்டு!"

"அப்படின்னா?" என்றார் காவலாளி.

"லிஃப்ட் பாஸ்!" என்றாள் வாண்டு.

சக்கர நாற்காலிப் பெரியவரை உள்ளே ஏற்றி வழியனுப்பிவிட்டு, நாங்கள் மூவரும் படியில் இறங்கினோம். ஓடுகிற லிஃப்டில் மாமாவுக்கு என்ன வேலை?